என்டர் அமுக்க ஓர் ஆள்

கம்ப்யூட்டர் கீபோர்டை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

நான் போன வாரம் பார்த்தேன். மழை படாமலிருக்க மேலே ஓர் உரச்சாக்கு. ஆடு நக்காமலிருக்கக் கீழே முள். பக்கத்திலேயே ஒரு காலிங்பெல் சுவிட்ச். கம்ப்யூட்டர் பூட்டிய அறைக்குள் இருக்கிறது... கீபோர்டு மட்டும் வெளியே!

இடம், கொல்லிமலையில் அரியூர் நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். மிளகு விவசாயிகள் சங்கத்தின் கட்டடம்.

"இது என்ன தங்கமணி?" என்றேன்.

"அவசரத்துக்குங்க்கா. பெல்லை அமுக்குனா மெஷின் ஆன் ஆகும். அப்புறம் யாரு வேணும்னாலும் என்டர் அமுக்கிக்கலாம்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

தங்கமணி கல்லூரி விடுதியில் எனக்கு ஒரு வருஷம் ஜூனியர். இப்போது அந்தச் சங்கத்தின் செயலாளர். நான் பல வருஷம் கம்பெனிகளில் சர்வர் மேய்த்துவிட்டு, இப்போது ராசிபுரத்தில் உட்கார்ந்து பத்திரிகையில் இந்தப் பக்கத்தை நிரப்பிக்கொண்டிருப்பவள். அது உங்களுக்கே தெரியும்.

அவள் ஊரில் செல்போன் சிக்னல் கிடையாது. சங்கக் கட்டடத்தின் மேல் ஒரு டிஷ் இருக்கிறது. மலையின் பெரிய ஊரான செம்மேட்டுப் பக்கமிருந்து இன்டர்நெட்டை அது வாங்கும். உள்ளே லினக்ஸ் போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டர் அதை வைஃபையாக ஊருக்குப் பிரித்துக் கொடுக்கும். பிள்ளைகளோடு பேசுவது, வியாபாரியிடம் விலை கேட்பது, ஆம்புலன்ஸ் கூப்பிடுவது எல்லாமே அந்த மெஷின் தயவில்தான். டவுனிலிருந்து வந்த ஒரு நல்ல மனசுக்காரக் கூட்டம் எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தது. குரூப் போட்டோ எடுத்துக்கொண்டது. மலையிறங்கிப் போய்விட்டது.

அவர்களுக்கு ஒன்று தெரியவில்லை. மலையில் கரண்ட் சொல்லிக்கொண்டு போகாது. காற்றில் ஒரு கிளை ஒயரை உரசினால் போதும்.

கம்ப்யூட்டருக்கோ முறைப்படி ஷட்டவுன் செய்தால்தான் மரியாதை. நடுவில் கரண்ட் போய்விட்டால், திரும்பி வந்த பிறகும் அது தானாக எழுந்திருக்காது. போய்ப் பட்டனை அமுக்க வேண்டும். அமுக்கினாலும் பாதி வழியில் நின்றுகொண்டு, 'போன தடவை சரியாக முடியவில்லை. இப்போது எந்த வழியில் தொடங்கட்டும்?' என்று ஒரு மெனுவை நீட்டும். யாராவது என்டர் அமுக்கும்வரை அப்படியே நிற்கும். அவசரமே இல்லாமல் நிற்கும்.

யுபிஎஸ் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அதில் சங்கத் தலைவரின் டீ கெட்டிலைச் செருகியிருந்தார்கள். சீக்கிரமே அது உயிரை விட்டுவிட்டது.

சங்கம் கூடியது. மெஷினைச் சரிசெய்ய முடியுமா என்று யாராவது கேட்டார்களா? ம்ஹும். என்டர் அமுக்க ஓர் ஆளைப் போட்டார்கள்!

அந்த ஆள், தலைவர் செல்வராசுவேதான். "பொறுப்பான வேலைங்க. கண்டவங்க கையில குடுக்க முடியாது" என்று சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். அன்று முதல் கரண்ட் போய் வந்தால் ஊர் அவர் வாசலில் வந்து நிற்கும். அவர் நிதானமாகச் சட்டை மாட்டிக்கொண்டு, செருப்புப் போட்டுக்கொண்டு, முன்னால் நடப்பார். பின்னால் ஊர் நடக்கும். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் ஒரு விரலால் ஊரையே உயிர்ப்பிக்கிற வேலை கிடைத்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

பெரியசாமி விழுகிறவரை இந்த ஏற்பாடு நன்றாகத்தான் ஓடியது.

பெரியசாமி, தங்கமணியின் கணவர். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறித்துக்கொண்டிருந்தார். ஈரத்தில் ஏணி வழுக்கிவிட்டது. விழுந்த வேகத்தில் தொடை எலும்பு முறிந்துவிட்டது.

"வலியில கத்தக்கூட முடியலைங்க்கா அவருக்கு" என்றாள் தங்கமணி. "போனை எடுத்தேன். வைஃபை இல்ல. காலையில கரண்ட் போயிட்டு வந்திருக்குது. தலைவரு பட்டனை மட்டும் அமுக்கிட்டு, பஸ் வந்துருச்சுன்னு அவசரத்துல கதவைப் பூட்டிக்கிட்டு செம்மேட்டுச் சந்தைக்குப் போயிட்டாரு."

அவள் சங்கத்துக்கு ஓடியிருக்கிறாள். இரும்புக் கதவில் பூட்டு. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் மானிட்டர் எரிகிறது. மெனு தெரிகிறது. எந்த வழியில் தொடங்கட்டும் என்று மெஷின் அவளிடமே கேட்கிறது!

"தொரட்டிக் குச்சியை எடுத்து ஜன்னல்ல விட்டு அந்த என்டரைக் குத்தப் பார்த்தேனுங்க்கா. குச்சி வழுக்குது. கீபோர்டு நகர்ந்து மேசைக்குக் கீழ உழுந்துருச்சு. பூட்டை ஒடைச்சிருக்கலாம். அந்த நேரத்துல அது தோணவே இல்ல."

கடைசியில் மரவள்ளிக் கிழங்கு ஏற்ற வந்த டெம்போவில், மூட்டைகளின் மேல் அவரைப் படுக்கவைத்துச் செம்மேடு வரை கொண்டுபோனார்கள். ரோடு எப்படி என்று நான் சொல்ல வேண்டுமா? ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் போட்ட சத்தத்தைச் சொல்லும்போது தங்கமணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே பெரிய ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். பிழைத்தார். வழியில் குலுங்காமல் வந்திருந்தால் எலும்பு இவ்வளவு மோசமாகியிருக்காது என்று டாக்டர் சொன்னாராம்.

சங்கம் மறுபடி கூடியது. இந்த முறையாவது...? கீபோர்டை ஜன்னலுக்கு வெளியே கட்டுவதென்று ஒருமனதாக முடிவு செய்தது.

நான் போவதற்கு ஒரு வாரம் முன்னால் அதுவும் பலிக்கவில்லை. பெல்லை அமுக்கினார்கள், என்டரை அமுக்கினார்கள், உரச்சாக்கைத் தூக்கிவிட்டு எல்லாப் பட்டனையும் அமுக்கினார்கள். கருப்புத் திரையில் என்னவோ எழுதிக்கொண்டு மெஷின் நின்றுவிட்டது. தங்கமணி செம்மேடு வரை போய் அங்கிருந்து எனக்குப் போன் போட்டாள். "அக்கா, நீங்க வாரீங்களா? இன்னொருத்தரு உழுந்தா நான் தாங்க மாட்டேன்."

முள்ளுக்குறிச்சி வழியாக மலையேறினேன். வளைவுகளில் என் வயிறு என்ன சொன்னது என்பதை நாகரிகம் கருதி விட்டுவிடுகிறேன்.

உள்ளே போய்த் திரையைப் படித்தேன். மெஷின் ஒரு பென்டிரைவைத் தேடிக்கொண்டிருந்தது. எழுந்திருக்கும்போதெல்லாம் அதைக் கட்டாயம் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்று யாரோ அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அது இல்லை. அதனால் மேலே போகவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை!

"இங்க ஒரு பென்டிரைவ் இருந்துச்சா?"

தலைவர் செல்வராசு கனைத்தார். "அது... நம்ம ஆண்டு விழா வீடியோங்க அம்மிணி. எனக்கு மாலை போட்டது. இந்த மெஷின்ல இருந்து டிவியில எப்பவும் ஓட்டற மாதிரி அந்த டவுன் பசங்கதான் செஞ்சு குடுத்தாங்க. பொண்ணு ஊட்டுல காட்டலாம்னு எடுத்துட்டுப் போனேனுங்க."

ஊன்றுகோலோடு வந்து பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த பெரியசாமி மெல்லக் கேட்டார். "ஏனுங்க தலைவரே, அப்ப ஒரு வாரமா ஊரு போன் பேசாம கெடந்தது உங்க மாலையைத் தேடிக்கிட்டுங்களா?"

தலைவர் பையிலிருந்து பென்டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அதைச் செருகச் சொல்லவில்லை நான். இருந்தால் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் கவலைப்படாமல் போய்க்கொண்டே இரு என்று மெஷினுக்கு ஒரு வார்த்தை எழுதினேன். எழுந்துவிட்டது. வைஃபையும் வந்துவிட்டது. வெளியே யாரோ கைதட்டினார்கள்.

"முடிஞ்சுதுங்களா?" என்றார் தலைவர்.

"இனிமேதான் ஆரம்பம்" என்று சொல்லிவிட்டு, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! "ஐயோ அம்மிணி! ஷட்டவுன் பண்ணாம புடுங்கலாமுங்களா?"

"கரண்ட் உங்களைக் கேட்டுட்டா போகுது தலைவரே?"

பிளக்கைத் திரும்பச் செருகினேன். மெஷின் செத்தது போலக் கிடந்தது. உள்ளே போய், கரண்ட் திரும்பினால் யாரும் தொடாமலே ஆன் ஆகும்படி மாற்றினேன். மறுபடி பிடுங்கினேன். இந்த முறை எழுந்தது, மெனுவில் நின்றது. சில நொடி பார், யாரும் வராவிட்டால் நீயே வழக்கமான வழியில் போ என்று வைத்தேன். மறுபடி பிடுங்கினேன். ஒவ்வொரு தடவையும் தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். தங்கமணி மட்டும் கண்ணிமைக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த தடவை அது புதிதாக ஒன்று கேட்டது. எழுதிக்கொண்டிருந்தபோது பிடுங்கியதால் டிஸ்க்கில் கோளாறு வந்துவிட்டது. ஆள் வந்து பார்த்துச் சரி பண்ணு என்று பாஸ்வேர்டு கேட்டு நின்றது. அந்தப் பாஸ்வேர்டு டவுன் கூட்டத்தோடு மலையிறங்கிவிட்டது!

இவ்வளவு நேரமும் போன, பாஸ்வேர்டு கேட்காத குறுக்கு வழியிலேயே உள்ளே போனேன். புது பாஸ்வேர்டு வைத்தேன். டிஸ்க்கில் கோளாறு வந்தால் யாரையும் கேட்காமல் நீயே சரிசெய்துகொள் என்று தொடக்கக் கட்டளையிலேயே எழுதப் போனபோதுதான் தலைவர் குறுக்கே வந்தார்.

"அதெப்படிங்க கேக்காம பண்ணும்? தப்பா எதையாச்சும் அழிச்சுப்போட்டா? பொறுப்பான ஆளு ஒருத்தரு பார்த்து, சரின்னு சொல்லி, அப்புறம் பண்றதுதானுங்க முறை."

நியாயமான கேள்விதான். அதை ஒப்புக்கொண்டேன். "அழியலாமுங்க தலைவரே. கரண்ட் போற நேரத்துல பாதி எழுதின ஒண்ணு ரெண்டு போகலாம். அதுக்குத்தான் எல்லாத்துக்கும் ஒரு காப்பி தினமும் வேற டிஸ்க்குக்குப் போற மாதிரி வெச்சிருக்கேன். ஆனா போட்டோ போனா காப்பி இருக்குது. ஆளு போனா?"

"இருந்தாலுமுங்க... சங்கத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

பெரியசாமி ஊன்றுகோலால் தரையைத் தட்டினார். "தலைவரே, எனக்குத் தகடு வெக்கறதுக்கு முன்னால அந்த டாக்டரு நம்ம சங்கத்தைக் கூட்டிக் கேட்டிருந்தாருன்னா, நான் இன்னும் கட்டில்லயே கெடந்திருப்பேனுங்க."

தலைவர் பெரியசாமியின் காலைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், "எழுதுங்க அம்மிணி" என்றார்.

எழுதினேன். மெஷின் எங்காவது உறைந்து நின்றுவிட்டால் தன்னைத் தானே தட்டி எழுப்பிக்கொள்ளும் ஓர் ஏற்பாட்டையும் சேர்த்து வைத்தேன்.

"இனி யாராச்சும் ஒருத்தர் புடுங்கிப் பாருங்க" என்றேன்.

தங்கமணி கையை நீட்டவில்லை. பெரியசாமியால் குனிய முடியாது. கடைசியில் தலைவரே வந்தார். பிளக்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். பிடுங்கினார். செருகினார். இந்த முறை கண்ணை மூடவில்லை. ஃபேன் சுற்றியது. மெனு வந்தது, தானே போனது. வெள்ளை எழுத்துகள் ஓடின. டிஸ்க்கைப் பார்த்தது, யாரையும் கேட்காமல் ஒட்டுப்போட்டது, மேலே போனது. எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் கிணிங் கிணிங் என்றது.

"அட!" என்றார். மறுபடி பிடுங்கினார். மறுபடி எழுந்தது. அப்புறம் நாங்கள்தான் அவரிடமிருந்து பிளக்கைக் காப்பாற்ற வேண்டியிருந்தது!

மலையிறங்கும்போது யோசித்தேன். நம் நாட்டில் இப்படித் தாமே சரிசெய்துகொள்ளக் கூடிய எத்தனை விஷயங்கள், யாரோ ஒருவர் சட்டை மாட்டிக்கொண்டு வருவதற்காகக் காத்து நிற்கின்றன? சரிசெய்யத் தெரியாமல் நிற்பவை கொஞ்சம்தான். 'பண்ணட்டுமா' என்று கேட்டுவிட்டு நிற்பவைதான் அதிகம். கேட்கப்படுகிறவருக்கும் அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்திருக்கிறது.

முந்தாநாள் மத்தியானம் மலையில் நல்ல மழை. சாயங்காலம் தங்கமணி வீடியோ காலில் வந்தாள். தலை ஈரமாக இருந்தது.

"அக்கா, கரண்ட் போயிட்டு வந்துச்சுங்க. மழையோட சங்கத்துக்கு ஓடினேன். தலைவரும் எதுக்க ஓடி வாராரு. ஜன்னல்ல எட்டிப் பார்த்தா, மெஷின் அது பாட்டுக்கு எந்திரிச்சு வேலை பாத்துக்கிட்டிருக்குது. எங்க போன்லயும் வைஃபை வந்துருச்சு. ரெண்டு பேரும் மழையில நின்னுக்கிட்டு ஒருத்தரை ஒருத்தரு பாத்துக்கிட்டோம். அப்புறம் என்ன பண்றதுன்னு தெரியல."

"அப்புறம்?"

"அவரு சிரிச்சாருங்க்கா. எனக்கு அழுகை வந்துருச்சு."

"இனி கரண்ட் போனா ஓடாதே தங்கமணி. ஊட்டுலயே இரு. அது தானா எந்திரிச்சுக்கும்."

"தெரியுதுங்க்கா. ஆனா காலு கேக்க மாட்டேங்குதே!"

போகப் போகச் சரியாகிவிடும், மெஷினை நம்பு என்று பெரிய மனுஷியாகப் புத்தி சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

மழை பெய்கிறது என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து, அந்த மெஷின் எழுந்துவிட்டதா எழுந்துவிட்டதா என்று இங்கே ராசிபுரத்திலிருந்தபடியே என் லேப்டாப்பில் நானும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை அவளிடம் சொல்லவில்லை!