பதநீர்க் கொட்டகையில் வளைகாப்பு

உப்பூர் போகிற சாலையோரம் எங்களுக்கு ஒரு பதநீர்க் கொட்டகை இருக்கிறது. பதநீர் விற்க உரிமம் உண்டு. ஆனால் குடித்ததும் ஆள் கிளம்பிவிட வேண்டும். விசேஷம் நடத்துவதென்றால் ஒவ்வொரு தடவையும் தனி அனுமதி. அது தெரியாமல் மகளின் நிச்சயத்தை இங்கேயே வைத்தோம். தட்டு மாற்றுவதற்குள் போலீஸ் வந்து எல்லோரையும் எழுப்பிவிட்டது.

"கள்ளுக்கடையில உக்கார வச்சுட்டீகளே மதினி! இனி இங்கன கால் வைக்க மாட்டேன்" என்று சேலையை உதறிக்கொண்டு போனார் மாப்பிள்ளையின் அம்மா. கல்யாணம் மண்டபத்தில் நடந்தது. எனக்கு அந்தச் சொல் மட்டும் ஆறவே இல்லை. கள்ளும் பதநீரும் ஒன்றா?

பிறகு விதியைத் தளர்த்தினார்கள். சின்னக் கொட்டகையில் விசேஷம் வைக்க ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் போதும். மகளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு இங்கேதான் என்று ஒரே பிடியாக நின்றேன். காலையிலேயே ஊர் கூடிவிட்டது. சம்பந்தி மதினியும் வந்தார், ஆனால் உள்ளே வராமல் வேனை ஒட்டியே நின்றார். நானே ஒரு டம்ளர் பதநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்ததும் அவர் முகம் கோணிப் போனது. "என்ன மதினி, சுண்ணாம்பைக் கரைச்சுக் குடுத்திருக்கீக?"

புளிக்காமலிருக்கப் பனையில் கட்டும் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவது வழக்கம். நான் தடவி வைத்தது போதாதென்று, கள்ளாகிவிடுமோ என்ற பயத்தில் என் வீட்டுக்காரரும் இன்னொரு கை தடவியிருக்கிறார். மானமே போயிற்று என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து பைக்கில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து இறங்கினார்கள். நான் அவர்களை நோக்கி ஓடினேன்.

எனக்கு முன்னால் மதினி பாய்ந்தார். "எழுதிக் குடுத்துட்டுத்தான் நடத்துறோம். கள்ளுன்னு நெனச்சா குடிச்சுப் பாருங்க!" என்று ஒரு டம்ளரை ஏட்டின் கையில் திணித்தார். அவர் ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"நாங்க பதநீர் குடிக்கத்தானேம்மா வந்தோம். இப்படியா தொண்டையை அறுக்கும்?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மதினி மட்டும் சிரிக்கவில்லை. "இதைப் போயி கள்ளுக்கடைன்னு எவ சொன்னா?" என்றார். சொன்னவர் யாரென்று ஒருவரும் ஞாபகப்படுத்தவில்லை. நான் ஓடிப்போய் அவருக்குப் பாயை விரித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

மதினி நேரே உள்ளே வந்து, பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் மகளின் கையைப் பிடித்து முதல் வளையலைப் போட்டார்.

"பேரப்புள்ளைக்குக் காது குத்துறதும் இங்கனதான்" என்றார், ஏட்டு காதில் விழட்டும் என்று.