கார்புரேட்டரில் பூத்த பனி

என் மாமியாருக்குப் புத்தி தடுமாறுகிறது என்று எங்கள் வீட்டில் முடிவு கட்டியதற்கு ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. அதுவும் அவர் வாயாலேயே வந்த சாட்சி. "கார் நடுரோட்டுல நின்னு போச்சு. இறங்கி பின்னாடி மூடியைத் திறந்து பாத்தேன். கார்புரேட்டர் கழுத்துல வெள்ளை வெளேர்னு பனி பூத்திருந்துச்சு," என்றார். அதுவரை ஓடிக்கொண்டிருந்த எஞ்சினில் பனியா? என் கணவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். மறுநாள் காலை கார் சாவி ஆணியில் இல்லை. கணவருடைய ஆபீஸ் பைக்குள் குடிபோயிருந்தது.

அத்தை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊராருடைய சண்டைக்கும் சமாதானத்துக்கும் லைன் போட்டுக் கொடுத்தே முடி நரைத்தவர். நாற்பதை நெருங்கும் வயதில் கார் ஓட்டக் கிளம்பியிருக்கிறார். "உனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று மாமனார் கேட்டாராம். "ஷிப்ட் முடிஞ்சதும் நீங்க வந்து கூட்டிட்டுப் போறதா இருந்தா எனக்கு வேண்டாம்," என்றாராம் அத்தை. மாமனார் தூக்கத்தை விட்டுக் கொடுக்கிற ஆள் இல்லை. அத்தை லைசென்ஸ் வாங்கிவிட்டார்.

கார் நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே வந்தது. ஆமை முதுகு. எஞ்சின் பின்னால் இருக்கும். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. காற்றுதான் எஞ்சினைக் குளிர வைக்கும். அந்த எஞ்சினின் உச்சந்தலையில், காற்றை வடிகட்டி உள்ளே விட, பளபளவென்று ஒரு க்ரோம் பில்டர். மாமனார் தம் கையால் மாட்டியது. அவர் காலமான பிறகு என் கணவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதைத் துணியால் துடைப்பார். காரின் மற்ற பாகங்களைத் துடைப்பது என் தலையெழுத்து.

கோளாறும் விசித்திரமானதுதான். குளிரும் ஈரமுமான காலையில் கார் நன்றாகக் கிளம்பும். கொஞ்ச தூரம் ஓடி ஏதாவது சிக்னலில் நின்றதும் இருமி இருமி அணைந்துவிடும். பின்னால் பஸ்காரர் ஹாரனிலேயே திட்டுவார். மெக்கானிக் வந்து சாவியைத் திருகினால், ஒன்றுமே நடக்காத மாதிரி சமர்த்தாக ஸ்டார்ட் ஆகும். "வண்டியில ஒண்ணும் இல்லைங்க. அம்மா கிளட்சை அவசரமா விட்டிருப்பாங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். சந்தேகம் எஞ்சினை விட்டு இறங்கி அத்தையின் காலில் ஏறியது. பனி என்று அவர் வாயைத் திறந்த அன்று காலிலிருந்து தலைக்கும் ஏறிவிட்டது.

என் கணவரை வில்லனாக்க எனக்கு இஷ்டமில்லை. அத்தையின் அக்கா கடைசிக் காலத்தில் பெற்ற மகளையே "நீ யாரும்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர். அவருக்கும் இல்லாததைப் பார்த்ததாகச் சொன்னதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அதைப் பக்கத்திலிருந்து பார்த்த மகனுக்குப் பயம் வராமல் எப்படி இருக்கும்? ஞாபக மறதி டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டார். அத்தையிடம் கேட்காமல் வாங்கினார் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

அன்று சமையலறையில் அத்தை என்னிடம் மெல்லச் சொன்னார். "எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா. பயமா இருக்கு. ஆனா தொட்டுப் பாத்தேனே, விரல் ஒட்டிக்கிச்சே. கண்ணு ஏமாத்தலாம். விரலுமா ஏமாத்தும்?" பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். குரல் பழைய எக்ஸ்சேஞ்ச் குரலாகிவிட்டது. "டாக்டர் எனக்கு வைத்தியம் பாக்கறதுக்குள்ள நான் காருக்குப் பாத்துடறேன்."

அவர் யோசித்த விதம் இது. லைன்மேன் போய் நிற்கும்போது மட்டும் ஒழுங்காக வேலை செய்கிற லைன்கள் உண்டு. அப்படிப்பட்ட லைனை எப்போதிலிருந்து கெட்டது என்று விசாரிக்க வேண்டும். இந்தக் கார் எப்போதிலிருந்து நிற்க ஆரம்பித்தது? க்ரோம் வந்த பிறகு. அதற்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது? கறுப்பாக ஒரு உருண்டை டப்பா. அடியில் கொஞ்சம் எண்ணெய் நிற்கும். உள்ளே வரும் காற்றின் தூசியெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். டப்பாவுக்கு மூக்கு மாதிரி ஒரு குழாய், மூக்கிலிருந்து தடிமனான ஒரு ஹோஸ் எஞ்சினின் சூட்டுப் பக்கமாகக் கீழே இறங்கும். தொட்டால் கை சுடும்.

"வெந்நீர் குடிச்சிட்டிருந்த பிள்ளைக்கு ஐஸ் தண்ணியைக் கொடுத்த மாதிரி ஆக்கிட்டாரு உங்க மாமா," என்றார் அத்தை. "ஊசி போடறதுக்கு முன்னாடி ஸ்பிரிட் தடவினா ஜில்லுங்குதே, ஏன்? அது ஆவியாகுது. கார்புரேட்டருக்குள்ள காத்தோட கலக்கும்போது பெட்ரோலும் அப்படித்தான் ஆவியாகுது. வெளியிலேருந்து வர்ற காத்தோ ஈரம். உறையாம என்ன செய்யும்? அப்புறம் எஞ்சின் சூட்டுல மெக்கானிக் வர்றதுக்குள்ள உருகிடுது."

"கார்ல எதுக்குடி பானை?" என்று மாமனார் அந்த டப்பாவைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டிருக்கிறார். அதே மாதிரி ஒன்றைத் தேடி மாட்டப்போகிறேன் என்று அத்தை சொன்னதும் வீடு இரண்டுபட்டது.

"அப்பா மாட்டினதையா கழட்டப் போறீங்க? அவர் ஞாபகமா இருக்கறது அது ஒண்ணுதாம்மா," என்றார் மகன்.

"அப்போ நான் யாரு ஞாபகமாடா இருக்கேன்?" என்றார் அத்தை.

பழைய இரும்புக் கடைகளில் நாங்கள் இருவரும் ஏறி இறங்கினோம். கடைசியில் ஒரு கடையில் கதவு ஆடாமலிருக்க முட்டுக்கொடுத்திருந்த கறுப்புச் சாமானைப் பார்த்து அத்தை அப்படியே நின்றுவிட்டார். "அது வெறும் டப்பாம்மா. பேப்பர் பில்டர் புதுசாவே இருக்கு, தரட்டுமா?" என்றார் கடைக்காரர். "கதவுக்கு நல்ல கல்லா நான் கொண்டு வந்து தர்றேன். அதை எடுங்க," என்றார் அத்தை.

பின்கட்டில் வேலை நடந்தது. டப்பாவுக்குள் களிமண் மாதிரி இறுகியிருந்த தூசியை மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுரண்டினோம். மூக்குக்குள் ஒரு சின்னத் தட்டு, அதன் வெளிப்பக்கம் ஒரு குட்டி எடை. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அந்த எடை தட்டை மூடிவைத்துச் சூடான காற்றை மட்டும் உள்ளே விடும். வேகம் பிடித்தால் காற்றே தட்டைத் தள்ளித் திறந்துவிடும். தட்டு துருப்பிடித்து மாட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் விட்டு விட்டு, அசைத்து அசைத்து, அது தானாக விழுந்து மூடிக்கொண்ட அன்று அத்தை என் கன்னத்தைக் கிள்ளினார். வலித்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

எஞ்சின் பக்கம் ஹோஸ் சேர வேண்டிய ஓட்டையில் எதையோ திணித்து அடைத்திருந்தது. குறட்டால் இழுத்தால், கருகி விறைத்த துணி. பொத்தானோடு இருந்தது. "இந்தச் சட்டையைத்தான் நான் தொலைச்சுட்டேன்னு உங்க மாமா அந்தக் குதி குதிச்சாரு," என்றார் அத்தை. கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தார். அழுவாரோ என்று நினைத்தேன். குப்பைக் கூடையில் போட்டுவிட்டு ஹோஸை எடுக்கச் சொன்னார்.

பேட்டரி இறங்காமலிருக்க வாரம் ஒரு தடவை வாசலிலேயே ஸ்டார்ட் செய்து பார்க்க மட்டும் எங்களுக்குச் சாவி கிடைக்கும். அன்று டப்பாவை மாட்டி ஸ்டார்ட் செய்ததுதான் தாமதம், தெருவே தெரியாத அளவுக்குப் புகை. எதிர் வீட்டுக்காரர் வாளியில் தண்ணீரோடு ஓடிவந்துவிட்டார். என் கணவர் ஜன்னலைத் திறந்து, "டாக்டரை இன்னும் சீக்கிரமா பாக்க முடியுமான்னு கேக்கட்டுமா?" என்றார்.

அத்தை எஞ்சினை அணைத்து, டப்பாவைத் திறந்து பார்த்தார். உள்ளே எண்ணெய்க்கு ஒரு கோடு உண்டு. சாப்பாடு போடுகிற கை அல்லவா, இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று கோட்டுக்கு மேலேயே ஊற்றியிருக்கிறார். மிஞ்சியதை எஞ்சின் குடித்துவிட்டது. "கோட்டைத் தாண்டி ஊத்திட்டேன். என் தப்புதான்," என்று ஜன்னலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "தப்பு பண்ணினா எனக்குத் தெரியுதுடா. அதையும் உன் டாக்டர்கிட்ட மறக்காம சொல்லு!"

எண்ணெயைக் குறைத்த பிறகு ரோட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டுமே. ஆபீஸ் பையிலிருந்து சாவியை எடுத்தது நான்தான். திருட்டுதான், வெட்கமெல்லாம் இல்லை. பனிமூட்டத்தில் ஊரைச் சுற்றி வந்தோம். எந்தச் சிக்னலிலும் கார் நிற்கவில்லை. விஷயம் தெரிந்ததும் என் கணவர் இருவர் மேலும் எரிந்து விழுந்தார். "அன்னிக்கு அவ்வளவா குளிர் இல்லை. நிக்காததுக்கு அதுதான் காரணம். டாக்டர்கிட்ட போறது போறதுதான்!"

அத்தை வாதாடவே இல்லை. "வர்றேன். ஆனா டாக்ஸி வேண்டாம். நம்ம கார்லயே போலாம், நீ ஓட்டு," என்றார். அம்மா வழிக்கு வந்துவிட்டார் என்று மகனுக்குப் பரம சந்தோஷம்.

டாக்டரிடம் போக வேண்டிய அன்று காலை நல்ல குளிர், தூறல் வேறு. என் கணவர் குளிக்கப் போன நேரத்தில் அத்தை டப்பாவைக் கழற்றிவிட்டு க்ரோம் பில்டரைத் திரும்ப மாட்டினார். எண்ணெய் சிந்தாமலிருக்க டப்பாவைத் துண்டில் சுற்றி என் மடியில் வைத்து, என்னைப் பின் சீட்டில் உட்கார வைத்தார்.

"மடியில என்ன?" என்றார் கணவர்.

"அத்தையோட மெடிக்கல் ரிப்போர்ட்," என்றேன்.

"இவ்வளவு பெருசாவா?"

"பழைய கேஸுங்க," என்றேன். முன் சீட்டில் அத்தையின் தோள் குலுங்கியது.

ஆஸ்பத்திரிக்கு ஏறுகிற மேட்டில், சிக்னலில், கார் இருமியது. மறுபடி இருமியது. அணைந்துவிட்டது. அவர் சாவியைத் திருகித் திருகிப் பார்த்தார். பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

"பெட்ரோல்ல கலப்படம் பண்ணியிருக்கான்!" என்றார்.

"உங்கப்பாவும் இதே மேட்டுல நின்னப்ப பெட்ரோலைத்தான் சொன்னாரு," என்றார் அத்தை. "நான் ஓட்டி நின்னா மட்டும் என் காலு. ஏன்டா, நீ கிளட்சை ஒழுங்கா விட்டியா?"

"என்னம்மா பேசறீங்க? எனக்கு ஓட்டத் தெரியாதா?"

"எனக்கும் தெரியும்டா. எத்தனை தடவை சொன்னேன்? ஒருத்தராவது கேட்டீங்களா?" அத்தையின் குரல் உடைந்து, உடனே சேர்ந்துகொண்டது. "இறங்கு. உருகறதுக்குள்ள வந்து பாரு."

பின்மூடியைத் திறந்தார்கள். அத்தை மகனுடைய கையைப் பிடித்து க்ரோமுக்குக் கீழே, கார்புரேட்டர் கழுத்தில் வைத்தார். சுட்டது போல அவர் கையை இழுத்துக்கொண்டார். விரல் நுனிகள் வெளுத்திருந்தன. தானே மறுபடி தொட்டுப் பார்த்தார்.

"என்னடா அது?"

"பனிம்மா."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"பனிதாம்மா. கையில ஒட்டுது."

"அப்படின்னா டாக்டர்கிட்ட ரெண்டு டோக்கனா வாங்கு," என்றார் அத்தை. என்னிடமிருந்து டப்பாவை வாங்கிக்கொண்டு, ஸ்க்ரூடிரைவருக்குக் கையை நீட்டினார். எடுத்துக் கொடுத்தது அவர் மகன்தான்.