பிரசிடெண்ட் சட்டையும் டோபி காட் சலவைக் குறியும்

இதெல்லாம் நடக்கும் என்று நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறும்போதே சொல்லிவிட்டேன். "இந்தப் பயணத்தில் ஒரு தேசத்தின் சரித்திரம் என் கையால் திருந்தப் போகிறது" என்றேன், வழியனுப்ப வந்த மனைவியிடம். எந்தத் தேசம் என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஊறுகாய் ஜாடி உடையாமல் போய்ச் சேர்ந்தால் போதும் என்றாள்.

போனது சென்ற வருஷம் மாசி மாதம். சிங்கப்பூரில் ஒரு ஹோட்டலில் குமாஸ்தாவாக இருக்கும் என் தங்கை மகன் கோவிந்தசாமியைப் பார்க்கப் போனேன். இத்தனை நாள் கழித்து எழுதக் காரணம், போன வாரம் அமெரிக்காவிலிருந்து எனக்குத் தபாலில் வந்த ஒரு புத்தகம். அதற்கு முன் வழியைச் சொல்லிவிடுகிறேன், போகிறவர்களுக்கு உதவும்.

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஆறு நாள், அங்கிருந்து சிங்கப்பூருக்கு இரண்டு நாள். மேல்தளத்தில் பாய் போட்டுப் போகும் டெக் சீட்டு வாங்குகிறவர்கள் புகைபோக்கிக்குப் பக்கத்தில் பாய் விரிக்க வேண்டாம், கரி கொட்டும். நான் அங்கேதான் விரித்தேன். காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று கப்பல் தலைவர் அடிக்கடி என்னிடம் கேட்க வேண்டியிருந்தது, அவருக்கு அது வசதி.

தஞ்சோங் பகார் துறையில் இறங்கியபோது காலை ஏழரை. ரிக்‌ஷாக்காரரிடம் "தேக்கா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்மவர்கள் இருக்கும் பேட்டையில் கொண்டு விடுவார். இரண்டரை மைல். இருபது காசு கேட்டார், பதினைந்துக்கு முடித்தேன். சிராங்கூன் ரோட்டில் இப்போது மின்சார டிராம் ஓடுகிறது. மேலே கம்பி, கீழே தண்டவாளம், இழுக்க மாடு கிடையாது. ஆனால் மாட்டுக் கொட்டகைகள் அந்த ரோட்டிலேயே இருப்பதால் டிராமை நிறுத்த மாடு உண்டு. மறுநாள் ஹோட்டலுக்குப் போக நான் ஏறிய வண்டியை ஏழு எருமைகள் மறித்தன. நான்தான் இறங்கிப் போய் அவற்றோடு பேசி அனுப்பிவைத்தேன்.

ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. கோவிந்தசாமி ஏதோ சாமான் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தான். தாழ்வாரத்தில் வெள்ளைத் தாடி வைத்த ஒரு துரை, மடியில் ஒரு பழைய சட்டையை வைத்துக்கொண்டு, இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பவர் போல இருந்தார். நான் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். நாலாம் வகுப்பு வரை போனேன், ஐந்தாம் வகுப்பு எனக்குத் தேவைப்படவில்லை.

அவர் பெயர் பிளம்லி துரை. அமெரிக்காவில் பிரசிடெண்ட் என்றால் நாலு வருஷத்து ராஜா. அந்த நாற்காலிக்கு யார் யார் ஆசைப்பட்டார்கள், யார் யார் காலை வாரினார்கள் என்பதை முப்பது வருஷமாக எழுதுகிறவர் இவர். சின்ன ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக ஆரம்பித்து, விடுமுறை தோறும் வீடு வீடாகப் போய்ப் பரணில் கிடக்கும் பழைய கடிதங்களைக் கேட்டு வாங்கிப் படித்தாராம். முதல் புத்தகம், கட்சிக்காரர்கள் பெரிய கொட்டகையில் கூடிச் சண்டை போட்டு ஆளைப் பொறுக்கும் விதத்தைப் பற்றி. இரண்டாவது, ஒரு தடவை ஜெயித்து மறு தடவை தோற்றவர்களைப் பற்றி. அது வந்த பிறகு பெரிய கலாசாலையில் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். மூன்றாவது, இரண்டு தடவை உட்கார்ந்தும் ஆசை தீராமல் மூன்றாவது தடவைக்கு முயன்ற ஒரு பிரசிடெண்டைப் பற்றி. அதற்கு மட்டும் பதினோரு வருஷம் உழைத்திருக்கிறார்.

அந்தப் பிரசிடெண்ட் பதவி விட்டதும் கப்பலில் உலகம் சுற்றினார், சிங்கப்பூரிலும் இறங்கினார். மடியில் இருந்தது அவருடைய சட்டை. பழைய வேலைக்காரர் ஒருவரிடம் துரை விலைக்கு வாங்கியது. கழுத்துப் பட்டையின் உள்ளே கறுப்பாக ஒரு கோடு, மூன்று புள்ளி, ஒரு சின்ன வட்டம். சிங்கப்பூரில் இறங்கிய பிறகு வந்த குறியாம், எந்தச் சோப்புக்கும் போகவில்லையாம். இது ஒரு ரகசியக் கூட்டத்தின் முத்திரை என்று துரை முடிவு கட்டிவிட்டார். கோடு என்றால் சத்தியம், வட்டம் என்றால் உலகம், மூன்று புள்ளி என்றால் மூன்று தடவை பதவி. இப்படி நாலாம் அத்தியாயம் முழுக்க எழுதி அச்சுக்கும் கொடுத்துவிட்டு, அந்தக் கூட்டத்தைக் கண்ணால் பார்க்க வந்திருக்கிறார். மூன்று நாளாகச் சீனர் சங்கங்களின் வாசலில் சட்டையைக் காட்டி, எல்லா இடத்திலும் விரட்டப்பட்டிருக்கிறார். அன்று மாலை நாலு மணிக்கு அவருக்குக் கப்பல்.

நான் சட்டையை வாங்கி ஒரு பார்வை பார்த்தேன். "துரை, இது வாஷர்மேன் மார்க்" என்றேன்.

கோவிந்தசாமி ஓடி வந்து என் தோளைப் பிடித்தான். "மாமா, சும்மா இருங்க. அவர் எவ்வளவு படிச்சவர். என் வேலைக்கு உலை வச்சிட்டுக் கப்பல் ஏறிடாதீங்க."

"நீ திரும்பி நில்லு மாப்பிள்ளை" என்று அவன் காலரை மடக்கிக் காட்டினேன். அங்கே ஒரு பெருக்கல் குறி, இரண்டு புள்ளி, அதே கறுப்பு. வண்ணார் குறி போடும் சேங்கொட்டைச் சாறு அது. துணி கிழியும், குறி போகாது. துரை அந்தக் காலரையும் மடியில் இருந்த சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் சலவைத் துணி போல வெளுத்தது. இது உண்மையானால் புத்தகம் வந்த அன்றே ஊர் சிரிக்கும், முப்பது வருஷத்துப் பெயர் போய்விடும் என்றார். ஆனால் ஒரு காலரை வைத்து நம்ப மாட்டேன், சாட்சி வேண்டும் என்றார்.

சலவைக்காரர்கள் துவைக்கும் டோபி காட் அங்கிருந்து முக்கால் மைல். இரண்டு ரிக்‌ஷா, தலைக்குப் பத்துக் காசு. புல்வெளி முழுக்க வெள்ளை வெள்ளையாகத் துணி காயும். கல்லில் அடிக்கும் சத்தம் ரோட்டிலேயே கேட்கும். கப்பல்காரர் துணியை அந்தக் காலத்தில் வெளுத்தது யார் என்று விசாரித்தேன். காளியம்மா என்பவரைக் காட்டினார்கள். ஐம்பது வயது இருக்கும். தொழில் அவருடைய அப்பாவுடையது, அவர் இறந்து பத்து வருஷம் ஆகிறதாம்.

துரை கெட்டிக்காரர். சட்டையைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு, இவருடைய அப்பா கப்பல்காரர் துணியில் என்ன குறி போடுவார், வரைந்து காட்டச் சொல் என்றார். காளியம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் குச்சியால் மண்ணில் ஒரு கோடு கிழித்தார். பக்கத்தில் சில புள்ளி வைத்தார்.

"கப்பல் துணின்னா ஒரு கோடு. எத்தனை நாள்ல கப்பல் கிளம்புதோ அத்தனை புள்ளி. இதைக் கேக்கவா அமெரிக்காவுல இருந்து வந்தாரு?"

துரை சட்டையை வெளியே எடுத்தார். காளியம்மா பட்டையைப் புரட்டிப் பார்த்து, "எங்கப்பா கைதான். கோடு இடப்பக்கமா சாயுது பாருங்கண்ணே" என்றார். இதைப் போட்டிருந்தவர் ஒரு தேசத்துக்கே பெரியவர் என்றேன். "யார் சட்டைன்னு பாத்தா தோய்க்கிறோம்?" என்று திரும்பிப் போய்த் துணியைப் பிழிந்தார்.

பிளம்லி துரை அங்கிருந்த துவைக்கும் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். நல்ல பேன்ட், நனைந்தது. பிறகு பென்சிலை எடுத்து, அந்த வட்டம் எதற்கு என்று கேள் என்றார். கேட்டேன். கழுத்தில் புண் இருக்கிறவர், பட்டைக்குக் கஞ்சி போடாதே என்பதற்குத்தான் வட்டமாம். சொன்னதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். எழுதினார், கோடிட்டார், எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். இத்தனை வருஷம் படித்த கடிதம் ஒன்றில்கூட அந்த மனிதருக்கு ஒரு கழுத்து இருந்ததாகத் தெரியவில்லை என்றார்.

தந்தி ஆபீஸ் ஒன்றரை மைல். இரண்டரை மணிக்குப் போய் 'நாலாம் அத்தியாயத்தை நிறுத்து' என்று அமெரிக்காவுக்கு அடித்தோம். மூன்றே முக்காலுக்கு அவர் கப்பலில் ஏறினார். மேல்தளத்தில் நின்று என்னைப் பார்த்து அந்தச் சட்டையை ஆட்டினார். துறையில் இருந்த போலீஸ்காரர்கள் எல்லோரும் எனக்குச் சலாம் வைத்தார்கள்.

புத்தகம் இப்போது வந்திருக்கிறது. ஊருக்கு வந்திருக்கும் கோவிந்தசாமி உட்கார்ந்து படித்துச் சொன்னான். நாலாம் அத்தியாயம் புதிது. ரகசியக் கூட்டம் இல்லை, காளியம்மாவும் அவர் அப்பாவும் இருக்கிறார்கள். 'கற்றறிந்த தென்னிந்தியக் கனவான்' என்று நானும் இருக்கிறேன். அதற்கு மேல் பதினேழு பக்கம், அந்தக் கழுத்துப் புண்ணைப் பற்றி. ஊர் திரும்பிய பிரசிடெண்ட் கூட்டங்களில் கழுத்தைத் திருப்பாமல் விறைப்பாக நின்றது அதனால்தானாம். கர்வம் பிடித்தவர் என்று கட்சிக்காரர்கள் தப்பாக நினைத்ததும், மூன்றாவது தடவை கைநழுவியதும் அதனால்தானாம். படித்தவர்கள் எல்லோரும் இந்த இடத்தைத்தான் பாராட்டுகிறார்கள் என்று கடிதமும் வைத்திருக்கிறார்.

சிங்கப்பூர் போகிறவர்கள் டோபி காட்டைக் காலை எட்டு மணிக்குள் பார்த்துவிடுங்கள், பிறகு வெயில். துணி போட்டால் கப்பல் என்றைக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். காளியம்மாவிடம் என் பெயரைச் சொன்னால் நன்றாக வெளுத்துக் கொடுப்பார்.

இன்னொன்று. வட்டத்துக்கு அர்த்தம் காளியம்மா சொல்லவில்லை. "அது என்னன்னு எங்கப்பாவுக்குத்தான் தெரியும், எனக்குச் சொல்லித் தரலை" என்றார். துரை பென்சிலைப் பிடித்துக்கொண்டு, பதினோரு வருஷத்தை ஓடையில் விட்ட முகத்தோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துத் தெரியாது என்று சொல்லும் அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். கழுத்துப் புண் என் கைச்சரக்கு.