இரட்டை விசில்

ஓய்வு பெறுகிறவர்கள் பொதுவாக வேலையை வேலையிடத்திலேயே விட்டுவிட்டு வருவார்கள். நம் கண்டக்டர் பஸ்ஸை மட்டும்தான் டிப்போவில் விட்டார். விசில் கழுத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டது. சமையலறையில் பேச்சு நீண்டால் ஒரு விசில். எல்லோரும் தட்டின் முன்னால் உட்கார்ந்தாயிற்று என்றால் இரண்டு விசில். ஒன்று ஊதினால் நிற்க வேண்டும், இரண்டு ஊதினால் கிளம்ப வேண்டும். உலகத்தை நடத்த இதற்கு மேல் ஒரு சட்டம் தேவையில்லை என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார்.

இந்தச் சட்டத்துக்கு மறுபேச்சில்லாமல் அடங்கிய ஒரே மனிதர் அவருடைய டிரைவர். ஊதினால் நகர்கிற ஆள் என்பதற்காகவே தங்கையையும் அவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே வண்டியில் நரைத்தார்கள். இருவருக்கும் நடுவே ஒரு கம்பித் தடுப்பும் கணிசமான வெறுப்பும் இருந்தன.

டிரைவருக்கு ஒரே பைத்தியம், பாட்டு. வழியில் டீக்கு நிற்கும்போது கடை ரேடியோவில் ஏதாவது பாடும். பல்லவி முடியும், சரணம் வாயைத் திறக்கும், இரண்டு விசில் விழும். ஆயுள் முழுக்க இதே கதை. அதனால் அவருக்கு ஏராளமான பாட்டுகள் தெரியும், ஒன்றுகூட முழுசாகத் தெரியாது. வீட்டில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். பக்கத்து வீடு மச்சான் வீடு.

அதிலும் ஒரு பாடகியின் ஒரு பாட்டு அவரை ரொம்ப நாளாக அரித்துக்கொண்டிருந்தது. அதன் கடைசிச் சரணத்தில் என்ன வருகிறது என்று தெரியாமல் கட்டையில் போவதா என்பதே ஓய்வுக்குப் பிறகு அவருடைய ஒரே கவலை. அந்தப் பாடகி பெரிய நகரத்து அரங்கம் ஒன்றில் பாடப் போகிறாள் என்று தெரிந்ததும் துள்ளிக் குதித்தார். அவருடைய கூட்டாளியான டிப்போ மெக்கானிக், நண்பர்கள் வைத்த பட்டப்பெயர் ஸ்பேனர், உடனே பயணத்துக்குத் திட்டம் போட்டார்: வயிறாரச் சாப்பிடுவது, காதாரப் பாட்டு கேட்பது, கச்சேரியோடு முடித்துக்கொண்டு திரும்புவது. கண்டக்டரை யாரும் கூப்பிடவில்லை. அவர் பெட்டியோடு வாசலில் நின்றார்.

"எங்க அண்ணன் ஊதினா எந்திரிக்காதீங்க," என்றாள் டிரைவரின் மனைவி.

"நானா எந்திரிக்கிறேன்? காலு எந்திரிக்குதுடி."

நகரத்தில் இறங்கியதுமே உல்லாசப் பயணம் ரூட் பஸ் ஆகிவிட்டது. ஒவ்வொரு சாப்பாட்டுக் கடையும் ஒரு ஸ்டாப்பிங். வரிசையில் நின்ற முன்பின் தெரியாத ஜனங்களைப் பார்த்து, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எவ்வளவு எடம் கிடக்கு!" என்று கண்டக்டர் அதட்ட, அவர்களும் பயந்து உள்ளே போனார்கள். சூப்புக் கடையில் ஒரு விசில் அடித்தார். தட்டு ஏந்தி வந்த பரிமாறுகிறவர் அப்படியே நிற்க, சூப்பு மட்டும் நிற்காமல் ஸ்பேனரின் மடிக்கு வந்து சேர்ந்தது. மீன் கடையில் முள் எடுப்பதற்குள் இரண்டு விசில்.

"மச்சான், நான் இன்னும் மெல்லவே ஆரம்பிக்கல," என்றார் டிரைவர், நின்றுகொண்டே. கால் ஏற்கெனவே எழுந்துவிட்டிருந்தது.

"நடந்துக்கிட்டே மெல்லு மாப்ள. ஒரே கடையில வேர் விட்டா மத்த கடையெல்லாம் உங்கப்பனா வந்து பார்ப்பாரு?"

"செத்துப் போனவரை எதுக்கு இழுக்கிறீங்க?"

"அவராவது நேரத்துக்குக் கிளம்பினாரு."

தெருமுனையில் ஒரு கூட்டம் டிரம்பெட்டும் தோல்மேளமுமாக வாசித்துக்கொண்டிருந்தது. டிரைவர் தலையாட்டத் தொடங்கியதும் விசில். போலீஸ் என்று நினைத்து மேளக்காரன் மேளத்தோடு ஓடியே போனான்.

"கண்டக்டரே, அந்தக் கருமத்தை முழுங்கிடுங்களேன்," என்றார் ஸ்பேனர், மடியைப் பிழிந்தபடி.

"முழுங்கினா மூச்சு விடும்போதெல்லாம் ஊதும். பரவாயில்லையா?"

கடைசி நாள் சாயங்காலம் கச்சேரி. டிரைவர் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, பரீட்சைக்கு வந்த பையனைப் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பாடகி அந்தப் பாட்டை எடுத்தாள். பல்லவி போனது. முதல் சரணம் போனது. வயலின்கள் நடுவில் இழைய, கடைசிச் சரணத்துக்காக அவள் மூச்சை இழுத்தாள்.

இரண்டு விசில்.

அரங்கமே திரும்பியது. பாடகி இழுத்த மூச்சை விடாமல் நின்றாள். அனுபவசாலிகளான வயலின்காரர்கள் வாசித்ததையே மறுபடி வாசித்தார்கள். டிரைவர் எழுந்து நின்றிருந்தார்.

"கெளம்பு மாப்ள. கூட்டம் விட்டா கறிக்கடையில எடம் கிடைக்காது."

டிரைவர் தன் கால்களைக் கேவலமாக ஒரு பார்வை பார்த்தார். பிறகு மடித்து உட்கார வைத்தார்.

"வண்டி பிரேக்டவுன்."

"என்னது?"

"பிரேக்டவுன், மச்சான். வேற வண்டியில ஏறிக்கோங்க."

பிரேக்டவுன் என்று டிரைவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. கண்டக்டர் ஊதி நகர்ந்த பிரேக்டவுன் வண்டி உலகத்தில் இல்லை. தொழில் தெரிந்தவர் என்பதால் அவர் மெக்கானிக்கைப் பார்த்தார்.

"ஸ்பேர் வரணும்," என்றார் ஸ்பேனர், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பாட்டு முடிஞ்சாதான் வரும்."

"தங்கச்சி முகத்துக்காகப் பார்க்கிறேன்..."

"அவதான் எந்திரிக்காதீங்கன்னு சொல்லி அனுப்பினா."

இதற்குள் அரங்கத்து வாயிற்காவலர் வந்து, கண்டக்டரின் சட்டைக் காலரைப் பிடித்து, மரியாதையாக வெளியே கொண்டுபோய் விட்டார்.

எதிரே பஸ் நின்றிருந்தது. படியில் ஏறிய கண்டக்டரின் முதுகுக்குப் பின்னால், திறந்திருந்த அரங்கத்து ஜன்னல்கள் வழியாகக் கடைசிச் சரணம் புறப்பட்டது. அவர் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். இவ்வளவு காலமும் தான் எதை வெட்டிக்கொண்டிருந்தோம் என்று தெரிந்துகொள்ளும் ஆசை, பாவம், அவருக்கும் வந்துவிட்டது.

"பெரியவரே, படியை அடைக்காதீங்க, உள்ள போங்க," என்றாள் பெண் கண்டக்டர்.

"ஒரு நிமிஷம் இரும்மா. இந்தப் பாட்டு..."

"உள்ள எவ்வளவு எடம் கிடக்கு! உங்க ஒருத்தருக்காக வண்டி நிக்குமா?"

"நான் ஸ்டாஃப்மா."

"அப்ப உங்களுக்குத் தெரியணுமே," என்றாள் அவள். இரண்டு விசில் அடித்தாள்.