கார் ஆயிலில் ஊறிய கிளட்ச்

அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிப்பதுதான் தொழிற்சாலையில் முப்பது வருடம் எனக்குச் சம்பளம் தந்த வேலை. எனவே ஓய்வு பெற்ற பின், எந்த மெக்கானிக்கையும் நம்பாமல், பைக்குக்கு வேறு கம்பெனி கிளட்ச் பிளேட்டுகளை வாங்கி நானே மாட்டினேன். மேனுவலில் சொன்னபடி அவற்றை ஆயிலில் ஊற வைத்தேன், போல்ட்டுகளை வரிசை மாறாமல் முறுக்கினேன். இன்ஜினில் ஊற்றியதும் அதே ஆயில்தான்; அது மட்டும் மகன் காருக்கு வாங்கியதில் மீந்தது. விலை அதிகமானால் தரமும் அதிகம் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை மனைவியுடன் சர்ச்சுக்குக் கிளம்பினேன். லிங்கராஜபுரம் மேம்பால ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை முறுக்க முறுக்க இன்ஜின் அலறியது. வண்டியோ வேகம் குறைந்து நின்றேவிட்டது. பின்னால் வந்த பஸ் பிரேக் போட்டு, ஒரு முழ இடைவெளியில் நின்றது. டிரைவர் கன்னடத்தில் சொன்னதை இங்கே எழுத முடியாது.

"உங்க புக்குல இதுக்கு என்னங்க போட்டிருக்கு?" என்றாள் மனைவி. இறங்கி ஓர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஆயிலை விரலில் தேய்த்துப் பார்த்தார். "இன்னா சார், கார் ஆயிலா? அது வழுக்கறதுக்குன்னே செஞ்சது. பைக்ல கிளட்ச்சே ஆயில்ல முங்கித்தான் இருக்கும். அப்புறம் எங்க பிடிக்கும்? புக்குல ஆயில் பத்திப் போட்ட பக்கத்தைப் படிக்கலியா?"

படிக்கவில்லை. அது எனக்குத் தெரிந்த விஷயம் என்று தாண்டிவிட்டேன்.

பிளேட்டுகளையும் ஆயிலையும் மறுபடி மாற்றினேன். இப்போதெல்லாம் ஆயில் டப்பாவில், பைக் கிளட்ச்சுக்கு ஏற்றது என்று காட்டும் 'ஜாஸோ எம்ஏ' என்ற குறி இருந்தால்தான் வாங்குகிறேன். எதை மாற்றினாலும் முதலில் தனியாக ஓட்டிப் பார்க்கிறேன். மனைவி இன்னும் ஆட்டோவில்தான் சர்ச்சுக்குப் போகிறாள்.