ராகுகாலம் முடியும்வரை

யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் தாதியாக இருந்த செல்வமலர், டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரத்துக்கு அகதியாக வந்து ஒரு முதியோர் இல்லத்தில் நிலம் துடைத்தாள். எண்பத்தாறாம் ஆண்டு, தாதிமார் இல்லாமல் ஆஸ்பத்திரிகள் திண்டாடின. பக்கத்து நகரத்துக் கல்லூரி மூன்றரை வருடத் தாதிப் படிப்புக்கு ஆள் தேடியது. இரண்டு வருடமாக டேனிஷ் படித்துக்கொண்டிருந்த அவளுக்கு அந்த அறிவிப்பைக் காட்டியது பக்கத்து வீட்டில் இருந்த நான்தான்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். சான்றிதழ்களின் மொழிபெயர்ப்போ வியாழன் பின்னேரம்தான் கைக்கு வந்தது. இனித் தபால் சரிவராது என்று அவளும் கணவர் சபாரத்தினமும் நானும் காலையில் பஸ் ஏறினோம். பதினொன்றேகாலுக்கே கல்லூரி வாசலில் நின்றோம்.

சபாரத்தினம் அண்ணை உள்ளே போக விடவில்லை. வீட்டுச் சுவர்க் கலண்டரின்படி வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகுகாலமாம். நல்ல காரியத்தை அதற்குள் தொடங்கக் கூடாதாம். எந்தக் கந்தோரிலும் அலுவலர்கள் பத்து நிமிடம் முன்பின் பார்ப்பார்கள் என்று என் வாயையும் அடைத்துவிட்டார். எதிரே பஸ் தரிப்பிட வாங்கில், எலும்பு விறைக்கும் குளிரில், அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு மூன்று பேரும் குந்தியிருந்தோம். என்ன மூளையோ எங்களுக்கு!

பன்னிரண்டானதும் வீதியைக் கடந்து ஓடினோம். கந்தோரில் இருந்த பெண் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். பன்னிரண்டு மூன்று. நேரம் முடிந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று மிக அன்பாகச் சொன்னாள். முப்பது இடத்துக்கு இருபத்திரண்டு பேர்தான் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்பதையும் அவளே சொன்னாள். ஆள் இல்லை, ஆள் இல்லை என்று பேப்பரெல்லாம் அழுகிறவர்கள், எட்டுக் கதிரையை வெறுமையாக வைத்துக்கொண்டு, மூன்று நிமிடத்துக்காக ஒரு தாதியைத் திருப்பி அனுப்புகிறார்களே! கெஞ்சிப் பார்த்தேன். அடுத்த வருடம் வரச் சொன்னாள்.

செல்வமலர் அழவில்லை. வெளியே வந்ததும் கணவரிடம் கேட்டாள்:

"இஞ்சேருங்கோ, உங்கடை கலண்டர் எங்கை அச்சடிச்சது?"

"யாழ்ப்பாணத்திலை."

"அங்கை இப்ப பின்னேரம் நாலரை. நாங்கள் பஸ் ஏற முந்தியே உங்கடை ராகுகாலம் முடிஞ்சுபோச்சு."

இரண்டு வருடமாக அவர் சுவரில் தொங்கிய அந்தக் கலண்டரைப் பார்த்து நானும் நாள் குறித்திருக்கிறேன்.

திங்கட்கிழமை விடிய அவள் வழமைபோல நிலம் துடைக்கப் போனாள்.