பட்டன் டப்பாவில் ஒரு கார் சாவி

உங்கள் காருக்கு எத்தனை சாவி? சட்டென்று "ரெண்டு" என்று சொல்லிவிடாதீர்கள். எழுந்து போய், அந்த ரெண்டாவது சாவியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். பழைய கார் வாங்கினவர்களில் பாதிப் பேர் இந்நேரம் திருதிருவென்று முழித்துக்கொண்டிருப்பீர்கள். வாங்க, வந்து பக்கத்தில் உட்காருங்க, நானும் உங்க கட்சிதான்.

என் தொழில் மதியச் சாப்பாடு. பெங்களூரு அடுகோடியில் வீட்டில் சமைத்து, கோரமங்கலா பக்கம் ஆபீஸ்களுக்குக் காரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். சாம்பார் தண்ணியாக இருந்தால்கூட மன்னித்துவிடுவார்கள், பசி நேரம் தாண்டிவிட்டால் மன்னிக்க மாட்டார்கள்; அவ்வளவுதான் இந்தத் தொழில். ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமத்தில் பத்தாவது வரை படித்தவள் நான். கல்யாணம் ஆகி இங்கே வந்த பிறகுதான் கார் ஓட்டவே கற்றுக்கொண்டேன். ஸ்கூட்டர் போதாதா என்று கேட்பீர்கள். ரெண்டு வயசு மகள் யாழினியை விட்டுவிட்டுப் போக வீட்டில் ஆள் இல்லை. பின் சீட்டில் அவள், டிக்கியில் கேரியர், முன்னால் நான். இப்படித்தான் எங்கள் ஊர்வலம்.

தேடித் தருகிறேன்

காரை ஒசூர் ரோட்டில் ஒருவரிடம் வாங்கினோம். ஏழெட்டு வருஷம் ஓடின சின்ன கார். என் வீட்டுக்காரர் குமார் லேத் பட்டறையில் வேலை செய்கிறவர், இன்ஜினைக் காது வைத்துக் கேட்டார், டயரைத் தட்டினார், அடியில் படுத்துப் பார்த்தார். சாவியை மட்டும் எண்ணவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒரே ஒரு ரிமோட் சாவி என்று தெரிந்தது. போன் போட்டால், "வீட்லதான் சிஸ்டர் எங்கயோ இருக்கு, தேடித் தர்றேன்" என்றார். அடுத்த மாசமும் அதையே சொன்னார். தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்கிற சாக்கில் மறுபடி கேட்டேன். மனுஷன் கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னார்: "நாங்க வீடே மாத்திட்டோம் சிஸ்டர், இனிமே அந்த வீட்ல போய்த்தான் தேடணும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

இது நடந்தது ஒரு ஆபீஸ் வாசலில், மரத்தடியில். யாழினி சிணுங்கினாள் என்று சாவியை அவள் கையில் கொடுத்தேன். பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது செய்த காரியம்தான். இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு டிக்கிப் பக்கம் போனேன். 'டக்' என்று ஒரு சத்தம். நாலு கதவும் பூட்டிக்கொண்டது. உள்ளே பிள்ளை, பிள்ளை கையில் சாவி. வெளியே நான், கையில் ஒன்றுமில்லை.

முதலில் சிரித்தாள். நான் கண்ணாடியைத் தட்டத் தட்ட அழ ஆரம்பித்தாள். பெல்ட் போட்டிருந்ததால் நகரவும் முடியவில்லை, நெற்றியெல்லாம் வேர்வை. சாப்பாடு வாங்க வந்தவர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் கல்லையே எடுத்துவிட்டார். அப்போது ஸ்டாண்டில் இருந்த ஆட்டோக்காரர் ஒருவர் வந்து, "ஒரு நிமிஷம் இருங்க சார், எல்லாரும் பின்னாடி போங்க, பாப்பா பயப்படுது" என்று விலக்கிவிட்டு, கண்ணாடி முன்னால் குந்தினார். யாரிடமோ ஒரு கார் சாவியை வாங்கி, தன் மூக்கைப் பொத்தானில் அமுக்கி "பீப்!" என்றார். மறுபடி, "பீப்!" யாழினி அழுகையை நிறுத்திப் பார்த்தாள். அப்புறம் தன் கையில் இருந்த சாவியை மூக்கில் வைத்துத் தேய்த்தாள், கடித்தாள், ரெண்டு கையாலும் அமுக்கினாள். 'டக்.' நான் கதவைத் திறந்த வேகத்தில் அது கையோடு வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

நேராக டிக்கியைத் திறந்து அந்த ஆட்டோக்காரரிடம் ஒரு கேரியரை எடுத்து நீட்டினேன். வாங்க மாட்டேன் என்றார். வற்புறுத்திக் கொடுத்ததும் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "முருங்கைக்காயா? அப்போ சரிக்கா, இன்னொரு தடவைகூட மூக்கால அமுக்கலாம்."

படத்தில் இருந்த சாவி

அன்றைக்கு ராத்திரி சாப்பிட உட்கார்ந்தோம். குமார் சத்தம் போடுகிற ஆள் இல்லை. தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "இன்னொரு சாவி வர்ற வரைக்கும் பாப்பா கார்ல ஏற வேண்டாம். வரலேன்னா தொழிலை நிறுத்திடலாம்." தப்பென்று சொல்ல முடியுமா? எதிர்வீட்டு மாடிப்படிக்குக் கீழே தையல் கடை வைத்திருக்கும் ரத்னம்மா அக்கா, கொஞ்ச நாள் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஓடுகிற மெஷின், கத்தரிக்கோல், ஊசி. அங்கே எத்தனை நாள் விடுவது?

ஷோரூமில் விசாரித்தேன். கவுன்டரில் இருந்த பெண் ரொம்ப அன்பாக ஒரு விலை சொன்னாள், நானும் அன்பாக எழுந்து வந்துவிட்டேன். அப்புறம் போனில் தேடினேன். அதே கார், அதே சாவி, மலிவோ மலிவு! உடனே வரவழைத்தேன். பளபளவென்று வந்தது. பொத்தானை அமுக்கினேன், கார் அசையவில்லை. குமார் நகத்தால் நெம்பித் திறந்தார். உள்ளே காலி. பேட்டரி இல்லை, சிப் இல்லை, இரும்பிலும் வெட்டே இல்லை. நான் வாங்கினது சாவிக்குப் போடுகிற சட்டை. ரத்னம்மா அக்காவிடம் காட்டிப் புலம்பினேன். அவர் கன்னடக்காரர், முப்பது வருஷமாக எங்கள் தெருவோடு தமிழ் பேசுகிறவர். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சும்னே அழாதேம்மா, துணி இல்லாம தையல் கூலி வாங்கற மாதிரி நல்ல வியாபாரம்தான் பண்ணியிருக்கான்."

சலீம் பாய்

அக்காதான் வழியும் சொன்னார். பின் சந்தில் சலீம் பாய் சாவிக் கடை. கடை என்றால் ஒரு ஷட்டர் அகலம், ஒரு வெட்டுகிற மெஷின், ஒரு லேப்டாப். பாய் காரையும் பார்க்கவில்லை, சாவியையும் பார்க்கவில்லை. "ஆர்.சி. காட்டும்மா" என்றார். அதில் இருந்தது குமார் பேர். "யார் இவர்?" என் வீட்டுக்காரர் என்றேன். "நீ சொல்ற. நான் எப்படி நம்பறது? நாளைக்கு ஒருத்தன் வந்து இது என் வண்டின்னு நிப்பான்." எனக்கு மூக்குமேல் கோபம். பட்டறைக்கு வீடியோ கால் போட்டேன். குமார் முகமெல்லாம் கிரீஸோடு வந்து, ஆதார் அட்டையைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். பாய் ரெண்டு முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, "கிரீஸைத் தொடைச்சா ஒரே ஆள்தான்" என்று ஒத்துக்கொண்டார்.

நான் வாங்கின வெறும் கூட்டையும் அவர் தூக்கிப் போடவில்லை. உடைந்த ரிமோட் ஒன்றின் உள் பாகத்தை அதற்குள் பொருத்தினார், புது சிப் வைத்தார், இரும்பை வெட்டினார், லேப்டாப்பைக் காரில் சொருகி என்னவோ தட்டினார். சோதனை பண்ணும்போது எல்லாக் கண்ணாடியையும் இறக்கச் சொன்னார், தப்பித் தவறிப் பூட்டிக்கொண்டாலும் கை விட்டுத் திறக்கலாமாம். புதுச் சாவிக்குக் கதவு திறந்தது, இன்ஜின் ஓடியது. கூலி, ஷோரூம் சொன்னதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் பழைய சாவியை என் உள்ளங்கையில் வைத்துச் சொன்னார்: "இது தொலையறதுக்கு முன்னாடி வந்த பாரு, அதுக்குத்தான் இந்த ரேட்டு."

சாமி கயிறு

இங்கேதான் என் புத்திசாலித்தனம் வேலை செய்தது. புதுச் சாவிக்கும் ஒரு பூஜை போடலாம் என்று வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். ஐயர் ரெண்டு சாவியையும் தட்டில் வாங்கி, அம்மன் காலடியில் வைத்து, ஒரே மஞ்சள் கயிற்றில் சேர்த்துக் கட்டி மூணு முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். சாமி கட்டின முடிச்சை எப்படி அவிழ்ப்பது? தானாக அறுந்து விழட்டும் என்று ரெண்டையும் ஜோடியாகவே பைக்குள் போட்டுக்கொண்டேன்.

எங்கள் காருக்கு ஒரு குணம் உண்டு. பொத்தான் அமுக்கித் திறந்துவிட்டு, கதவைத் திறக்காமல் நின்றால் தானாகப் பூட்டிக்கொள்ளும். டிக்கியை அது ஒரு கதவாகவே மதிப்பதில்லை. திங்கட்கிழமை வீட்டு வாசலில் கேரியர்களை டிக்கியில் அடுக்கினேன், பையையும் அதிலேயே வைத்துச் சாத்தினேன். 'டக்.' ரெண்டு சாவியும் அம்மன் அருளோடு உள்ளே. யாழினி அன்றைக்கு ரத்னம்மா அக்கா மடியில் இருந்தாள். அதற்குத்தான் அம்மனுக்கு என் முதல் நன்றி.

சலீம் பாய் நடந்தே வந்தார். கதவிடுக்கில் காற்றுப் பையைச் சொருகி, நீளக் கம்பியை விட்டு, கீறல் இல்லாமல் திறந்தார். டிக்கியிலிருந்து பையை எடுத்து, அந்த மஞ்சள் ஜோடியைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கமாட்டாமல் திரும்பிக்கொண்டார். "நீங்களே அவிழ்த்துக் குடுங்க பாய், எனக்குக் கை வரல" என்றேன். ரெண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்: "ஐயய்யோ, நான் எந்தப் பூட்டையும் திறப்பேன், சாமி போட்டதை மட்டும் தொட மாட்டேன், உங்க அம்மன்கிட்ட நீயே பேசிக்கோ."

கடைசி முடிச்சு

பேசிக்கொண்டேன். மூணு முடிச்சையும் அவிழ்த்து, கயிற்றைக் காரின் முன்கண்ணாடியில் கட்டிவிட்டேன். சாமியும் வண்டியில் இருக்கட்டும், சாவி வெளியே இருக்கட்டும். அன்று சாயங்காலம் குமார், "ரெண்டு சாவியும் ஒரே பையில இருந்தா, அது ஒரு சாவிதான்" என்றார். அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டினேன். நேராக ரத்னம்மா அக்கா கடை. நாள் பூராவும் திறந்திருக்கும் கடை, நாள் பூராவும் இருக்கும் ஆள், போன் போட்டால் சாவியோடு ஆட்டோ ஏறி வரக்கூடிய மனசு. குமாரும் பின்னாலேயே வந்து பார்த்துவிட்டு, "சரி, நாளையிலேர்ந்து பாப்பாவைக் கூட்டிட்டுப் போ" என்றார்.

ஆக, கார் எங்களுடையது, ஆனால் அதன் ரெண்டாவது சாவி எதிர்வீட்டுத் தையல் கடையில், ஜாக்கெட் கொக்கிகளோடு பட்டன் டப்பாவில் குடியிருக்கிறது. டப்பாவை மூடப் போன அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "அக்கா, நானே வந்து கேட்டாலும் சும்மா குடுத்துடாதீங்க, முதல்ல 'அந்தச் சாவி எங்கே, பாப்பா எங்கே'ன்னு கேளுங்க."